மனிதவளப் பட்டம்: என்ன விலை, என்ன பலன்?

எஸ்.பி.எம். முடிவு வந்துவிட்டால் நம் கிளை வகுப்புகளில் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. "அண்ணா, எச்.ஆர். எடுக்கலாமா? வேலை கிடைக்குமா?"

கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருப்பார்கள். பேச்சு நன்றாக வரும், நாலு பேரோடு பழகத் தெரியும், கிளை நிகழ்ச்சி என்றால் ஓடி ஓடி வேலை செய்வார்கள். கணக்கும் அறிவியலும் மட்டும் கொஞ்சம் பயம். "எச்.ஆர்.ல கணக்கு இல்ல, ஏர்கோன் ரூம்ல வேலை"ன்னு யாரோ சொல்லியிருப்பாங்க. கல்விக் கண்காட்சியில் ஒரு கையேடும் கிடைத்திருக்கும். அதில் சூட் போட்ட ஒருவர் சிரித்துக்கொண்டிருப்பார்.

இந்தக் கேள்விக்கு "கிடைக்கும்" என்று சொன்னாலும் "கிடைக்காது" என்று சொன்னாலும் கேட்டவருக்குப் பயன் இல்லை. எந்தப் படிப்பையும் அதன் விலையோடு சேர்த்துப் பார்த்தால்தான் நல்லதா கெட்டதா என்று தெரியும். ஆகவே இந்த மாதப் பாடத்தில் மனிதவள நிர்வாகப் பட்டத்தை எடுத்துக்கொண்டு, பேனாவும் தாளும் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நான் பொறியியல் மாணவன். எங்களுக்குப் பொறியியல் பொருளாதாரம் என்று ஒரு பாடம் உண்டு. பாக்டரிக்கு ஒரு புது இயந்திரம் வாங்கலாமா வேண்டாமா என்பதை எப்படி முடிவு செய்வது என்று அதில் சொல்லிக் கொடுப்பார்கள். சுருக்கமாகச் சொன்னால் மூன்று கேள்விதான். மொத்தச் செலவு எவ்வளவு? அது எத்தனை வருஷத்தில் திரும்பி வரும்? நடுவில் பழுதானால் நஷ்டம் எவ்வளவு? இதே மூன்று கேள்வியைத்தான் பட்டத்தைப் பார்த்தும் கேட்கப்போகிறோம்.

1. முதலில், இது என்ன வேலை?

"ஆள் எடுக்கும் வேலை" என்று பலர் நினைக்கிறார்கள். நேர்முகத் தேர்வு நடத்துவது இந்த வேலையில் ஒரு பகுதிதான். மீதியெல்லாம் சட்டமும் கணக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். மாதம் 1,700 வெள்ளி சம்பளம் வாங்கும் ஒருவர் ஓ.டி. செய்கிறார். ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும்? 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுக்க வேண்டும். அதுதான் ஒரு நாள் கூலி: 65.38 வெள்ளி. அதை 8 மணி நேரத்தால் வகுத்தால் 8.17. சாதாரண வேலை நாளில் ஓ.டி. ஒன்றரை மடங்கு என்பதால் 12.26 வெள்ளி. ஓய்வு நாளில் இரண்டு மடங்கு, பொது விடுமுறையில் மூன்று மடங்கு.

விவரம் தெரியாத ஒருவர் "மாசத்துக்கு 30 நாள்தானே" என்று 30-ஆல் வகுத்தால் என்ன ஆகும்? ஒரு மணி நேரத்துக்கு 10.63 வெள்ளிதான் வரும். வித்தியாசம் 1.63 வெள்ளி. சின்னத் தொகைதான். ஆனால் 200 தொழிலாளிகள், ஆளுக்கு மாதம் 40 மணி நேர ஓ.டி. என்றால் ஒரே மாதத்தில் ஏறக்குறைய 13,000 வெள்ளி தொழிலாளிகளுக்குச் சேராமல் போகும். அந்த 200 பேரில் யாருக்கும் அது தெரியவும் தெரியாது. ஒரு நாள் தொழிலாளர் இலாகாவுக்குப் புகார் போனால், அப்போது முதலாளிக்கும் தலைவலி.

இதோடு நிற்காது. ஊழியர் சேமநிதிக்குத் தொழிலாளியின் பங்கு 11 விழுக்காடு. 5,000 வெள்ளி வரை சம்பளம் என்றால் முதலாளியின் பங்கு 13 விழுக்காடு, அதற்கு மேல் 12. ஓ.டி. பணத்துக்குச் சேமநிதி பிடிப்பதில்லை, ஆனால் சொக்சோவுக்கு அதே ஓ.டி. பணத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அப்புறம் வேலை காப்புறுதி, மாதாந்திர வருமான வரிப் பிடித்தம், 10 அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியத் தொழிலாளர்கள் உள்ள நிறுவனம் என்றால் பெரும்பாலான துறைகளில் எச்.ஆர்.டி. கார்ப்புக்கு 1 விழுக்காடு லெவி. ஆக, "எச்.ஆர்.ல கணக்கு இல்ல" என்று சொன்னவர் ஒரு நாள்கூடச் சம்பளப் பட்டியல் போட்டிருக்க மாட்டார்.

இனி சட்டம். ஒரு தொழிலாளி தவறு செய்துவிட்டார் என்று உடனே வீட்டுக்கு அனுப்ப முடியாது. விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுக்க வேண்டும், உள்விசாரணை நடத்த வேண்டும். விசாரணைக்காக இடைநீக்கம் செய்தால் இரண்டு வாரத்துக்கு மேல் போகக்கூடாது, அந்த நாட்களுக்குக் குறைந்தது அரைச் சம்பளமாவது கொடுக்க வேண்டும். நியாயமில்லாமல் வேலையிலிருந்து நீக்கப்பட்டதாக ஒருவர் கருதினால், 1967-ஆம் ஆண்டு தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவின்படி 60 நாட்களுக்குள் முறையிடலாம். 61-ஆவது நாள் போனால் கதவு மூடிவிடும்.

2023 ஜனவரி 1 முதல் வேலைச் சட்டத்தின் திருத்தங்கள் நடைமுறைக்கு வந்தன. வாரத்துக்கு 48 மணி நேரமாக இருந்த வேலை நேரம் 45 ஆனது. பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளானது. அப்பாக்களுக்கு 7 நாள் விடுப்பு வந்தது. வேலை நேரத்தை மாற்றித் தரும்படி ஊழியர் எழுதிக் கேட்டால் முதலாளி 60 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். இதையெல்லாம் தெரிந்து வைத்துக்கொண்டு நிறுவனத்தில் நடைமுறைப்படுத்துவது எச்.ஆர். மேசைதான்.

இந்தப் பத்திகளைப் படிக்கும்போது "ஐயோ, போர்" என்று தோன்றியதா? அப்படியானால் இந்தப் படிப்பைப் பற்றி இன்னும் ஒரு முறை யோசியுங்கள். "அட, எங்க அப்பாவுக்கு ஓ.டி. சரியாத்தான் போடுறாங்களா?" என்று தோன்றியதா? நீங்கள் மேற்கொண்டு படியுங்கள்.

2. பட்டம் இங்கே அனுமதிச் சீட்டா?

இந்த வித்தியாசத்தைப் பலர் கவனிப்பதில்லை. மருத்துவப் பட்டம் இல்லாமல் மருத்துவராக முடியாது. சட்டத் தகுதி இல்லாமல் வழக்கறிஞராக முடியாது. எங்கள் துறையிலும் 1967-ஆம் ஆண்டு பொறியாளர் பதிவுச் சட்டத்தின் கீழ் பொறியாளர் வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். அதற்கு அங்கீகாரம் பெற்ற பட்டம் வேண்டும்.

எச்.ஆர். வேலைக்கு அப்படி ஒரு கட்டாயப் பதிவு மலேசியாவில் இல்லை. வணிக நிர்வாகம் படித்தவர் வரலாம். உளவியல் படித்தவர் வரலாம். சட்டம், கணக்கியல் படித்தவர்கள் வரலாம். நிர்வாகப் பிரிவில் கிராணியாகச் சேர்ந்து பத்து வருஷத்தில் எச்.ஆர். மேலாளர் ஆனவர்களும் இருக்கிறார்கள்.

இதற்காகப் பட்டம் வீண் என்று நான் சொல்லவில்லை. பல நிறுவனங்கள் எச்.ஆர். அதிகாரி வேலைக்கு விளம்பரம் செய்யும்போது "பட்டம் அல்லது டிப்ளோமா" என்றுதான் போடுகின்றன. பட்டம் இருந்தால் வாசலில் நிற்க இடம் கிடைக்கும். ஆனால் அதே வாசலில் வேறு பட்டக்காரர்களும் நிற்பார்கள். அனுமதிச் சீட்டு என்றால் என்ன விலை கொடுத்தாலும் வாங்கித்தான் ஆக வேண்டும். இது அனுமதிச் சீட்டு இல்லை என்பதால் விலை ரொம்ப முக்கியம்.

3. செலவு: ரசீதில் வருவதும் வராததும்

சரி, கணக்குக்குப் போவோம். கீழே வரும் கட்டணமும் சம்பளமும் கணக்கைப் புரிந்துகொள்வதற்காக நான் வைத்துக்கொண்ட தொகைகள். உங்கள் கல்லூரியின் உண்மையான தொகையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். கணக்குப் போடும் முறை மாறாது.

செலவில் மூன்று வகை உண்டு.

முதலாவது, கட்டணம். இது ரசீதில் வரும்.

இரண்டாவது, வீட்டை விட்டு வெளியே தங்குவதால் வரும் கூடுதல் செலவு. சாப்பாட்டுச் செலவை முழுதாகச் சேர்க்கக்கூடாது. வீட்டில் இருந்தாலும் சாப்பிடத்தானே போகிறோம்? அறை வாடகை, பேருந்து, கூடுதலாக ஆகும் செலவு மட்டும்.

மூன்றாவது, எந்த ரசீதிலும் வராத செலவு. படிக்கும் காலத்தில் வேலைக்குப் போயிருந்தால் கிடைத்திருக்கும் சம்பளம். இதை வாய்ப்புச் செலவு என்பார்கள். 2025 முதல் நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அதாவது வருஷத்துக்கு 20,400 வெள்ளி.

இப்போது இரண்டு வழிகளைப் பார்ப்போம்.

முதல் வழி, தனியார் கல்லூரி. அடிப்படைக் கல்வி 1 வருஷம், பட்டம் 3 வருஷம், மொத்தம் 4 வருஷம். கட்டணம் 55,000 என்று வைப்போம். கூடுதல் செலவு மாதம் 400 வீதம் 40 மாதத்துக்கு 16,000. இழந்த சம்பளம் 4 வருஷத்துக்கு 81,600. கூட்டினால் 152,600 வெள்ளி.

இரண்டாவது வழி, அரசுப் பல்கலைக்கழகம். கெடா சிந்தோக்கில் உள்ள வட மலேசியப் பல்கலைக்கழகத்தில் மனிதவள நிர்வாகப் பட்டம் இருக்கிறது. செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகத்திலும் ஸ்கூடாயில் உள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் மனிதவள மேம்பாட்டுப் பட்டங்கள் உண்டு. இங்கே கட்டணத்தின் பெரும்பகுதியை அரசாங்கம் தாங்குகிறது. மெட்ரிகுலேஷன் 1 வருஷம், பட்டம் மூன்றரை வருஷம் என்று வைப்போம். கட்டணம் 12,000. கூடுதல் செலவு மாதம் 300 வீதம் 45 மாதத்துக்கு 13,500. இழந்த சம்பளம் நாலரை வருஷத்துக்கு 91,800. கூட்டினால் 117,300 வெள்ளி.

இதைப் பார்த்து எனக்கே ஆச்சரியமாக இருந்தது. "அரசாங்கப் பல்கலைக்கழகம் கிட்டத்தட்ட இலவசம்" என்று நாம் பேசுகிறோம். ஆனால் அங்கேயும் ஒரு லட்சத்துக்கு மேல் போகிறது. கட்டணத்தைவிட வருஷங்கள்தான் விலை கூடியவை. ஒரு செமஸ்டர் பாடத்தில் தவறி ஆறு மாதம் தள்ளிப்போனால் 10,200 வெள்ளி போனது என்று அர்த்தம். அந்த ரசீதை யாரும் நம் கையில் கொடுப்பதில்லை.

4. பலன்: வித்தியாசத்தை மட்டும் எண்ணுங்கள்

"பட்டம் வாங்கினா மூவாயிரம் சம்பளம்" என்று சொல்வார்கள். அந்த மூவாயிரம் முழுவதும் பட்டத்தின் பலன் இல்லை. பட்டம் இல்லாமலும் அந்த வயதில் ஏதோ ஒரு சம்பளம் வாங்கியிருப்போம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பலன்.

பட்டம் முடித்தவர் 2,800 வெள்ளியில் தொடங்குகிறார் என்று வைப்போம். அதே வயதில், நாலு வருஷ அனுபவத்தோடு, பட்டம் இல்லாதவர் 2,200 வாங்குகிறார். வித்தியாசம் 600. வருஷத்துக்கு 7,200.

இந்த வித்தியாசம் அப்படியே நின்றுவிட்டால், தனியார் வழியில் போட்ட 152,600 வெள்ளி திரும்பி வர 21 வருஷம் ஆகும். அரசு வழியில் 16 வருஷம். 22 வயதில் பட்டம் வாங்கியவருக்கு 43 வயதில்தான் கணக்குச் சமமாகும்!

இப்போது ஒரு மாற்றம் செய்து பார்ப்போம். முதல் மூன்று வருஷம் வித்தியாசம் 600. அந்த மூன்று வருஷத்தில் அவர் சம்பளப் பட்டியல், வேலைச் சட்டம், உள்விசாரணை எல்லாவற்றையும் கற்றுத் தேறிவிட்டார். நாலாவது வருஷம் முதல் வித்தியாசம் 1,500 ஆகிறது. அதாவது வருஷத்துக்கு 18,000. இப்போது தனியார் வழியில் 10 வருஷம் சில மாதங்களில் பணம் திரும்பிவிடும். அரசு வழியில் 8 வருஷம் சில மாதங்கள்.

இந்த நாலு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: 21, 16, 10, 8.

கல்லூரியை மாற்றினால், நிலைமை மோசமாக இருக்கும்போது 5 வருஷம் மிச்சமாகிறது. நிலைமை நன்றாக இருக்கும்போது 2 வருஷம் மட்டுமே. ஆனால் வேலைக்குச் சேர்ந்த முதல் மூன்று வருஷத்தை நன்றாகப் பயன்படுத்தினால், தனியார் வழியில் 11 வருஷமும் அரசு வழியில் 8 வருஷமும் மிச்சமாகின்றன.

இந்தப் பாடத்தில் நான் சொல்ல வந்தது இதுதான். கொடுக்கும் விலை, நாம் எவ்வளவு பெரிய ஆபத்தில் காலை வைக்கிறோம் என்பதைத் தீர்மானிக்கிறது. முதல் மூன்று வருஷ வேலை, பலனைத் தீர்மானிக்கிறது. நம் வீடுகளில் எந்தக் கல்லூரி என்று மாதக்கணக்கில் பேசுகிறோம். அதன் பிறகு எந்த வேலையில் என்ன கற்கப்போகிறோம் என்று ஒரு மணி நேரம்கூடப் பேசுவதில்லை.

5. நடுவில் நின்றால்?

இயந்திரத்துக்குப் பழுது என்றால் படிப்புக்கு இடைநிற்றல். தனியார் வழியில் இரண்டு வருஷம் படித்து நின்றுவிட்டால் கட்டணத்தில் பாதி 27,500, கூடுதல் செலவு 8,000, இழந்த சம்பளம் 40,800. ஆக 76,300 வெள்ளி. கையில் பட்டம் இல்லை.

பிடிபிடிஎன் கடன் வாங்கியிருந்தால் பட்டம் இல்லை என்பதற்காகக் கடன் போய்விடாது. 36,000 வெள்ளிக் கடனை 15 வருஷத்தில் கட்டினால் அசல் மட்டும் மாதம் 200 வெள்ளி. அதற்கு மேல் ஆண்டுக்கு 1 விழுக்காடு சேவைக் கட்டணம். வட்டி குறைந்த கடன்தான், மறுக்கவில்லை. ஆனால் குறைந்தபட்சச் சம்பளத்தில் இருப்பவருக்கு மாதம் 200 வெள்ளி என்பது மோட்டார்சைக்கிள் தவணை.

அதே கடனுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. முழுநேரப் பட்டப்படிப்பில் முதல் வகுப்பில் தேறினால், நிபந்தனைகளுக்கு உட்பட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதிலிருந்து விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாம். நம் கணக்கில் அதன் மதிப்பு 36,000 வெள்ளி. "பாஸ் ஆனா போதும்" என்று சொல்லும் நண்பரிடம் இந்த எண்ணைக் காட்டுங்கள்.

அப்பா அம்மாவின் சேமநிதியிலிருந்து பிள்ளைகளின் படிப்புக்குப் பணம் எடுக்கலாம் என்ற வசதியும் இருக்கிறது. 2024 மே மாதத்துக்குப் பிறகு அந்தப் பணம் செஜத்ரா கணக்கிலிருந்து வருகிறது. எடுக்கும் முன் ஒரு விஷயம். அந்தப் பணம் அங்கேயே இருந்தால் வருஷா வருஷம் லாப ஈவு ஏறும். எடுத்தால் அதுவும் நின்றுபோகும். அப்பாவின் முதுமைக் காலத்துச் சோற்றிலிருந்து எடுக்கிறோம் என்ற நினைப்போடு எடுங்கள்.

இன்னொன்று. பணம் கட்டும் முன், அந்தப் படிப்பு மலேசியத் தகுதிகள் பதிவேட்டில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். கண்காட்சி மேசையில் இருப்பவர் சொன்னால் போதாது. தேடிப் பார்க்கப் பத்து நிமிஷம்தான் ஆகும்.

6. மூன்றாவது வழி: வேலை பார்த்துக்கொண்டே படிப்பது

எச்.ஆர். பட்டம் அனுமதிச் சீட்டு இல்லை என்று பார்த்தோம். அதிலேயே ஒரு நன்மை ஒளிந்திருக்கிறது. படிக்கும் முன்பே அந்த வேலைக்குள் நுழையலாம். நிர்வாகப் பிரிவில் கிராணியாக, சம்பளப் பிரிவில் உதவியாளராகச் சேர்ந்துவிட்டுப் பகுதிநேரமாகப் படிக்கலாம். மருத்துவத்திலும் பொறியியலிலும் இது நடக்காது.

மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் மனிதவள நிர்வாகப் பட்டம் இருக்கிறது. எஸ்.டி.பி.எம். அல்லது டிப்ளோமா இருந்தால் நேரடியாக நுழையலாம். அது இல்லாதவர்களுக்கு அப்பெல் என்ற வழி இருக்கிறது. 21 வயது நிறைந்து, துறையில் வேலை அனுபவம் இருந்தால், அந்த அனுபவத்தை மதிப்பிட்டுப் பட்டப்படிப்பில் சேர அனுமதிப்பார்கள். தேர்வு உண்டு, அனுபவத்தைக் காட்டும் கோப்பும் கொடுக்க வேண்டும்.

செலவைப் பார்ப்போம். கட்டணம் 30,000 என்று வைத்தால் இழந்த சம்பளம் பூஜ்யம். வித்தியாசம் 600-ஆகவே நின்றாலும் நாலு வருஷத்தில் பணம் திரும்பிவிடும்.

அப்படியானால் எல்லாரும் இந்த வழியில் போகலாமே? பொறுங்கள், இதற்கும் விலை இருக்கிறது. அது பணமாக இல்லாமல் நேரமாக வரும். நம் நாட்டில் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட். ஒரு கிரெடிட் என்றால் வகுப்பு, வாசிப்பு, பயிற்சி எல்லாம் சேர்த்து 40 மணி நேரக் கற்றல். மொத்தம் 4,800 மணி நேரம். ஐந்து வருஷத்தில் முடிக்க வாரத்துக்குப் பதினெட்டரை மணி நேரம் வேண்டும். 45 மணி நேர வேலையோடு சேர்த்தால் 63-க்கு மேல். வேலை நாட்களில் இரண்டு இரவு மூன்று மூன்று மணி நேரம், மீதி சனி ஞாயிறில் ஆறு ஆறு மணி நேரம். ஐந்து வருஷத்துக்குச் சனி ஞாயிறு உங்களுடையது இல்லை. அதோடு, முழுநேரம் படித்தவர் 22, 23 வயதில் பட்டம் வாங்குவார். நீங்கள் 26-இல் வாங்குவீர்கள்.

ஆனால் 26-இல் உங்களிடம் பட்டமும் ஐந்து வருஷ அனுபவமும் இரண்டும் இருக்கும். வீட்டில் பணக் கஷ்டம் உள்ளவர்களுக்கும், எச்.ஆர். தனக்குப் பிடிக்குமா என்று உறுதியாகத் தெரியாதவர்களுக்கும் இதுவே பாதுகாப்பான வழி என்பது என் கருத்து. பிடிக்கவில்லை என்றால் ஆறு மாதத்தில் தெரிந்துவிடும், லட்சக்கணக்கில் நஷ்டம் இல்லை. தனியாக உட்கார்ந்து படிக்கும் பழக்கம் சுத்தமாக இல்லாதவர்களுக்கு மட்டும் இதைச் சொல்ல மாட்டேன். வகுப்பில் உட்காரவைக்க ஆள் இல்லாவிட்டால் அவர்கள் நின்றுவிடுவார்கள்.

7. அந்த முதல் மூன்று வருஷம்

தொழிற்பயிற்சிக்காக ஒரு பாக்டரியில் இருந்தபோது அங்கே எச்.ஆர். பிரிவில் இருந்த அக்கா ஒருவரைக் கவனித்திருக்கிறேன். ஏறக்குறைய இருநூறு பேர் வேலை செய்யும் இடம், எச்.ஆர். பிரிவில் மூன்றே பேர். அதனால் சம்பளம், விடுப்பு, வெளிநாட்டுத் தொழிலாளர் பெர்மிட், தங்குமிடம், விபத்து நடந்தால் சொக்சோ பாரங்கள் என்று எல்லாமே அவர் கையில். "பெரிய கம்பெனில இருந்தா எனக்கு ஒரு வேலைதான் தெரிஞ்சிருக்கும், தம்பி" என்பார்.

அவரைப் பார்த்து நான் புரிந்துகொண்டது இது. முதல் வேலைக்கு நிறுவனத்தின் பெயரைவிட, அங்கே எத்தனை விதமான வேலை கைக்கு வரும் என்பது முக்கியம். பெரிய கட்டடத்தில் மூன்று வருஷம் விண்ணப்பப் பாரங்களை அடுக்கிக்கொண்டிருந்தால் 600 வெள்ளி வித்தியாசம் 600-ஆகவே நிற்கும்.

மூன்று வருஷத்தில் கற்க வேண்டியவை என்று நான் எழுதி வைத்திருப்பது:

ஒன்று, சம்பளப் பட்டியலை மென்பொருள் இல்லாமல் கையால் போடத் தெரிய வேண்டும். மென்பொருள் சரியாகப் போடுகிறதா என்று பார்க்கத் தெரிந்தவருக்குத்தான் மதிப்பு. 30-ஆல் வகுக்கும்படி யாராவது அதில் பதிந்து வைத்திருந்தால் அது 30-ஆல்தான் வகுக்கும்.

இரண்டு, வேலைச் சட்டத்தையும் தொழிலியல் உறவுச் சட்டத்தையும் மூலத்திலேயே படிக்க வேண்டும். தொழிலியல் நீதிமன்றத் தீர்ப்புகளையும் படிக்கலாம். கதை மாதிரி இருக்கும்.

மூன்று, மலாயிலும் ஆங்கிலத்திலும் பிழையில்லாமல் கடிதம் எழுத வேண்டும். விளக்கம் கேட்கும் கடிதத்தில் ஒரு வரி தவறினால் வழக்கே மாறிப்போகும்.

நான்கு, கணக்குத் தாளில் தரவுகளைக் கையாளத் தெரிய வேண்டும். "இந்த வருஷம் எந்தப் பிரிவில் ஆட்கள் அதிகம் வேலையை விட்டுப் போனார்கள், ஏன்?" என்ற கேள்விக்கு எண்ணோடு பதில் சொல்பவரை மேலதிகாரி மறக்க மாட்டார்.

8. மேசையின் இரண்டு பக்கம்

பணக் கணக்கில் வராத ஒரு விஷயமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் பாடம் முழுமையாகாது.

நம் தாத்தா பாட்டிகளில் பலர் தோட்டத்தில் பெரட்டுக்கு நின்று, செக்ரோலில் பெயர் விழுந்ததா என்று பார்த்து, அதன்படி கூலி வாங்கியவர்கள். அந்தப் புத்தகத்தை வைத்திருந்தவர் கிராணி. நாள் குறைந்திருந்தாலும் கூலி குறைந்திருந்தாலும் படித்துப் பார்த்துக் கேட்கப் பலருக்கு எழுத்து தெரியாது. 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது, பி.பி. நாராயணன் போன்றவர்கள் பேச்சுவார்த்தை மேசையில் போய் உட்கார்ந்தார்கள். அந்த மேசையில் தொழிலாளியின் பக்கம் நாம் உட்காரப் பழகி எழுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

எச்.ஆர். படிப்பவர் அதே மேசையின் மறுபக்கத்தில் உட்காரப்போகிறார். நிறுவனத்தின் சம்பளத்தை வாங்கிக்கொண்டு நிறுவனத்தின் வேலையைத்தான் செய்ய வேண்டும், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் ஓ.டி.யை 26-ஆல் வகுக்க வேண்டும் என்று முதலாளியிடம் தைரியமாகச் சொல்லக்கூடியவரும் அந்தப் பக்கத்தில் அவர் ஒருவர்தான். "இந்த மாசம் விட்டுடு, யாருக்கும் தெரியாது" என்று சொல்லப்படும் நாள் ஒன்று வரலாம். அன்றைக்கு "முடியாதுங்க, சட்டம் இப்படித்தான் சொல்லுது" என்று பக்கத்தைக் காட்டிப் பேச, சட்டமும் தெரிய வேண்டும், வேறு வேலை தேடிக்கொள்ளலாம் என்ற துணிவும் வேண்டும். கழுத்தளவு கடனில் இருப்பவருக்கு அந்தத் துணிவு கஷ்டம். பட்டத்தைக் குறைந்த விலைக்கு வாங்குங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

9. பயிற்சி

அடுத்த கிளை வகுப்புக்கு வருமுன் ஒரு தாளில் இந்த ஏழு வரிகளையும் நிரப்பிக்கொண்டு வாருங்கள். எச்.ஆர். மட்டுமல்ல, நீங்கள் நினைத்திருக்கும் எந்தப் படிப்புக்கும் இதைப் போடலாம்.

1. முழுக் கட்டணம், கடைசி செமஸ்டர் வரை. பதிவுக் கட்டணம், தேர்வுக் கட்டணம் எல்லாம் சேர்த்து.
2. வீட்டை விட்டுத் தங்குவதால் ஆகும் கூடுதல் செலவு.
3. படிக்கும் வருஷங்கள் x 20,400. ஏற்கெனவே கைத்தொழில் தெரிந்து அதிகம் சம்பாதிக்கிறவர் தன் உண்மையான வருமானத்தைப் போட வேண்டும். அவருக்கு இந்த வரி இன்னும் பெரிதாக வரும்.
4. பட்டம் இருந்தால் என்ன சம்பளம், இல்லாவிட்டால் என்ன சம்பளம்? கையேட்டைப் பார்த்து எழுத வேண்டாம். அந்த வேலையில் இருக்கும் மூன்று பேரிடம் கேட்டு எழுதுங்கள்.
5. முதல் மூன்று வரிகளின் கூட்டுத்தொகையை நாலாவது வரியில் வரும் வருஷ வித்தியாசத்தால் வகுங்கள். எத்தனை வருஷம் வருகிறது?
6. இரண்டாவது வருஷத்தில் நின்றுவிட்டால் நஷ்டம் எவ்வளவு? அதை யார் கட்டுவார்?
7. முதல் மூன்று வருஷ வேலையில் கற்கப்போகும் நாலு விஷயங்கள் என்ன?

ஏழாவது வரி காலியாக இருந்தால் பரவாயில்லை, அப்படியே கொண்டு வாருங்கள். அந்தத் துறையில் வேலை பார்க்கும் அண்ணன் அக்காமார்கள் நம் கிளைகளிலேயே இருக்கிறார்கள். அவர்களையும் வகுப்புக்கு அழைத்து, சேர்ந்து உட்கார்ந்து அந்த வரியை நிரப்புவோம். அப்பா அம்மாவிடம் பணம் கேட்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.